எண்பது ரூபாய் அப்பளம்

கல்யாணப் பந்தியில் அப்பளத்தை நொறுக் நொறுக்கென்று கடிப்பீர்களே குழந்தைகளே, அதை விற்றே பெரிய நிறுவனத்தை உருவாக்கிய பெண்களைத் தெரியுமா?

மும்பை அப்போது பம்பாய். அங்கே கிர்காவ் பகுதியில், ஒரே குடியிருப்பில் வசித்தார்கள் ஏழு குஜராத்திப் பெண்கள். வீட்டு வேலை முடிந்த பிறகு நாலு காசு சம்பாதிக்க ஆசை. ஆனால், கையில் முதல் இல்லை. சகன்லால் பாரேக் என்ற சமூக சேவகர் 80 ரூபாய் கடன் கொடுத்தார்.

1959 மார்ச் 15. மொட்டை மாடியில் உட்கார்ந்து உளுந்து மாவு பிசைந்து அப்பளம் இட்டார்கள். முதல் நாள் மொத்தமே நான்கு பாக்கெட்! தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் வந்தது. அப்பளம் எப்படிக் காயும்? நான்கு மாதம் வேலை நின்றது. நாமாக இருந்தால் மூட்டை கட்டியிருப்போம். அவர்களோ அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழையிலும் காய்ந்துவிட்டது!

1962-ல் அப்பளத்துக்குப் பெயர் வைக்கப் போட்டி நடந்தது. பரிசு ஐந்து ரூபாய். (அன்றைக்கு அது சின்னத் தொகையல்ல!) ‘லிஜ்ஜத்’ என்ற பெயர் தேர்வானது. குஜராத்தியில் சுவை என்று பொருள்.

இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினர்கள். பிசைந்த மாவை வீட்டுக்கு வாங்கிப்போய், அப்பளம் இட்டு, காயவைத்துக் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். அவர்கள்தான் முதலாளிகளும்! லாபத்திலும் பங்கு உண்டு.

மொட்டை மாடியில் மாவு பிசைந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.