வேர் தண்ணீரில் மிதந்தாலும் கீரை வாடுவது ஏன்? மாடியில் மண்ணில்லாமல் பயிர் செய்பவர்களுக்கு அக்கினி வெயில் எச்சரிக்கை

சென்னை, மே.10-

அக்கினி நட்சத்திர வெயில் மண்டையை பிளக்கிறது. மனுஷனுக்கே தாங்கவில்லை. மொட்டை மாடியில் வாளியிலும் பி.வி.சி. குழாயிலும் வளரும் கீரை என்ன பாடுபடும்?

மண் இல்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் "ஹைட்ரோபோனிக்ஸ்" முறை இப்போது வாடகை வீட்டு மாடி வரைக்கும் வந்து விட்டது. வீட்டுக்கு கீரை ஆச்சு, மிஞ்சினால் அக்கம் பக்கத்தில் விற்று நாலு காசு பார்க்கலாம் என்று சேமிப்பை போட்டு ஆரம்பித்தவர்களும் உண்டு.

ஆனால் மே மாதம் வந்தால் ஒரு கூத்து நடக்கிறது. காலையில் பச்சைப்பசேல் என்று நின்ற கீரை மதியம் தலை தொங்குகிறது. "தண்ணிதான் நிறைய இருக்கே, ஏன் வாடுது?" என்று குழம்பி, சத்து போதவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் உரத்தை கலக்கி விடுகிறார்கள். ரெண்டு மூணு நாளில் செடி மொத்தமும் காலி. போட்ட காசும் போச்சு.

வேருக்கு மூச்சு முட்டும்

காரணம் தண்ணீரின் சூடு. வேரும் மூச்சு விடும். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுதான் அதற்கு காற்று. 20 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லி கிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7½ மில்லி கிராமாக குறைந்து விடும். அதே நேரத்தில் சூடு ஏற ஏற வேருக்கு பிராணவாயு அதிகமாக தேவைப்படும். வரவு குறையுது, செலவு கூடுது. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் நின்றாலும் செடி வாடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "பித்தியம்" என்ற வேரழுகல் கிருமிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் கொண்டாட்டம். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். வேர் பழுப்பாகி, வழவழப்பாகி, நாற்றம் அடித்தால் கிருமி புகுந்து விட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு சூடு இருக்கலாம்?

18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் நல்லது. சென்னை கோடையில் அது லேசில் முடியாது. 2003-ம் ஆண்டு மே 31-ந்தேதி 45 டிகிரி வெயில் அடித்த ஊர் இது. 28 டிகிரியை தாண்டாமல் பார்த்துக் கொண்டாலே பாதி ஜெயித்த மாதிரி. மீன் தொட்டி கடையில் கிடைக்கும் தெர்மாமீட்டரை வாங்கி, மதியம் 2, 3 மணிக்கு பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

என்ன செய்ய வேண்டும்?

* முதலில் நிழல். 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். தொட்டியை கொதிக்கும் தளத்தில் வைக்காமல், செங்கல்லோ பலகையோ போட்டு மேலே வையுங்கள்.

* கருப்பு தொட்டி வெயிலை குடிக்கும். வெளியே வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். வெறும் வெள்ளை வாளி வெளிச்சத்தை உள்ளே விட்டு பாசி பிடிக்க வைக்கும். உள்ளே இருட்டு, வெளியே வெள்ளை, அதுதான் கணக்கு.

* மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் பழைய தெர்மாகோல் பெட்டியை நன்றாக கழுவி தொட்டியாக்கலாம். சூடு உள்ளே போகாது.

* தண்ணீர் அளவை கூட்டுங்கள். 5 லிட்டர் சீக்கிரம் சூடாகும், 50 லிட்டர் மெதுவாகத்தான் சூடாகும்.

* ஈர சாக்கை தொட்டியை சுற்றி கட்டினால் மண்பானை மாதிரி குளிரும். காற்றில் ஈரம் அதிகம் உள்ள கடற்கரை ஊர்களில் பலன் கொஞ்சம் குறையும். வேலூர், திருச்சி பக்கம் நன்றாகவே வேலை செய்யும்.

* ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, பிரீசரில் உறைய வைத்து, மூடியோடு தொட்டியில் மிதக்க விடலாம். 20 லிட்டர் தண்ணீரில் 3, 4 டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேரடியாக கொட்டாதீர்கள், உரக்கலவை நீர்த்துப் போகும்.

* மீன் தொட்டி காற்று மோட்டாரை ஓட விடுங்கள். மோட்டாரை நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் சூடான காற்றைத்தான் ஊதும்.

* மாடி டேங்க் தண்ணீரை மதியம் பிடித்து ஊற்றாதீர்கள். அது வெந்நீர். விடியற்காலையில் பிடித்து வைத்ததை ஊற்றுங்கள். கோடையில் செடி தண்ணீரை அதிகம் குடிப்பதால் மிச்சமுள்ள தண்ணீரில் உரம் கெட்டியாகும். அதனால் குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீரே போதும்.

உஷார்

தொட்டியில் கை வைக்கும் முன் மோட்டார் பிளக்கை பிடுங்கி விடுங்கள். தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் கீரை மட்டுமல்ல, உயிரே போகும். பிளக் பாயிண்டை தொட்டிக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

வேர் அழுகி விட்டால் அந்த செடியை எடுத்து எறியுங்கள். தண்ணீர் முழுவதையும் கொட்டி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் தொட்டியை கழுவி, நல்ல தண்ணீரில் ரெண்டு தடவை அலசி, காய வைத்து, புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. லெட்டூஸ் போன்ற குளிர்பிரதேச கீரைக்கு மே மாதம் ஆகாது. பூ விட்டு கசந்து போகும். தண்டுக்கீரை, கொடிப்பசலை, வள்ளைக்கீரை நம்ம ஊர் வெயிலை தாங்கும். வெயிலோடு மல்லுக்கட்டுவதை விட, வெயிலுக்கு ஏற்ற கீரையை போடுவது பர்சுக்கு நல்லது!