வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடு

சிறுபோகத்தில் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிற ஒட்டுசுட்டான் கமக்காரருக்கு ஒரு பாடம் கைவந்தது: முறை முடிந்தால் மடையைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவர் ஒரு நாள் மறந்தால் வெளியே தெரியாது. பத்துப் பேர் பத்து நாள் மறந்தால் கடைசி வயல் வெடிக்கும்.

இரவு பகலாக ஓடும் சேவர்களிலும் இதுதான் நடக்கிறது. வருகிற ஒவ்வொரு வேலைக்கும் மென்பொருள் நினைவகத்தில் ஒரு துண்டை வாங்குகிறது. வேலை முடிந்தும் அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அது நினைவகக் கசிவு. 1992 இல் லண்டன் அம்புலன்ஸ் சேவையின் கணினியில், ஒரு வண்டியை அனுப்பும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு நினைவகம் விடுபடாமல் தங்கியது. சுமார் மூன்று வாரத்தில் இடம் தீர்ந்தது. நவம்பர் 4 அதிகாலை 2 மணி கடந்த சற்று நேரத்தில் எல்லாம் நின்றுபோக, ஊழியர்கள் மறுபடி காகிதத்தை எடுத்தார்கள்.

இப்படிப்பட்ட கசிவைத் தேட 2002 இல் வெளிவந்த கருவி வால்கிரின்ட். எந்தத் துண்டு எந்த வரியில் வாங்கப்பட்டது, திரும்பியதா என்று அது கணக்கு வைக்கும். அதற்கு விலையும் உண்டு: மென்பொருள் 10 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். முடிவில் மிச்சத்தை வகை பிரித்துக் காட்டும். விலாசம் இன்னும் மென்பொருளின் கையில் இருக்கும் துண்டுகள் ஒரு பக்கம். விலாசமே தொலைந்த துண்டுகள் மறுபக்கம். முதலில் பார்க்க வேண்டியவை தொலைந்தவை.

அடுத்த தொல்லை, நிறுத்தும்போது வரும். கரண்ட் போய் யூ.பி.எஸ். கீச்சிடுகிறது, சேவரோ நிற்க மறுக்கிறது. உள்ளே அது பல லட்சம் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இடம் போதாமல் வட்டுக்குப் போன நினைவகப் பகுதிகளைக்கூட, தூக்கி எறிவதற்காகவே மீண்டும் நினைவகத்துக்கு அழைக்கும். இன்றைய லினக்ஸ் பலவற்றில், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், 90 விநாடி பொறுத்துவிட்டு இயங்குதளம் அதை வலிந்து நிறுத்திவிடும். தரவு அப்போதும் எழுதி முடியாதிருந்தால் இழப்பு நமக்குத்தான்.

போகம் முடிந்தபின் குளத்துத் துருசைப் பூட்டினால் போதும், வாய்க்கால்கள் தாமே வற்றும். மென்பொருள் முடிந்ததும் அதன் நினைவகம் முழுவதையும் லினக்ஸ் ஒரேயடியாக எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். ஆகவே அன்றாட ஓட்டத்தில் தரவை எழுதி, இணைப்புகளை மூடி, உடனே வெளியேறட்டும். ஒழுகும் மடையைத் தேடுகிற நாளில் மட்டும் வாய்க்கால் நெடுக நடக்க வேண்டும்: சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு துண்டையும் விடுவித்தால், விடுபடாமல் நிற்பதுதான் கசிவு என்று பளிச்செனத் தெரியும். இரண்டு வழியையும் ஒரே மென்பொருளில் வைத்து, தேவைக்கேற்பத் தெரிவுசெய்யலாம்.

ஓடும்போது வரும் கசிவுக்கோ குறுக்கு வழி கிடையாது. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் நினைவகம் வாங்கும் வரியை எழுதிய கையோடு, திருப்பிக் கொடுக்கும் வரியையும் எழுதப் பழக வேண்டும். தகப்பன் வயலில் செய்வது அதுதான்.