மின்சாரக் கணக்கை அறிவோம்

தோட்ட வீடுகளில் இன்று மின்விளக்கு மட்டுமன்றி, இஸ்திரிப் பெட்டியும் சோறு ஆக்கும் குக்கரும் மின்சாரக் கேத்தலும் இடம்பெற்றுள்ளன. இவை அனைத்தையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டி இயக்கும் வழக்கமும் சில இல்லங்களில் உண்டு. இவ்வழக்கம் வீட்டையே எரித்துவிடக் கூடும். அத்தீங்கை முன்னரே உணர்ந்து தடுப்பதற்கு ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் அறிந்திருந்தால் போதும்.

உயரத்தில் அமைந்த தொட்டியிலிருந்து குழாய் வழியே நீர் இறங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். தொட்டி உயர்ந்திருந்தால் அழுத்தம் மிகும். குழாய் குறுகியிருந்தால் ஓட்டம் குறையும். மின்சாரமும் ஏறத்தாழ இத்தகையதே. அதன் அழுத்தத்தை வோல்ட் என்றும், ஓட்டத்தை ஆம்பியர் என்றும், தடையை ஓம் என்றும் அளக்கிறோம். இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் அவர்களின் பெயரே தடையின் அளவைக்குச் சூட்டப்பட்டுள்ளது.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். அதன் அளவை வாட்.

மலேசியாவில் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் முன்பு 240 வோல்ட் எனக் குறிக்கப்பட்டது. 2008 முதல் 230 வோல்ட் எனக் குறிக்கப்படுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியில் 5 ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். 230-ஐ 5-ஆல் வகுக்க, அதன் தடை 46 ஓம். 230-ஐ 5-ஆல் பெருக்க, அதன் திறன் 1,150 வாட். அதனை ஒரு மணி நேரம் முழுத் திறனில் இயக்கினால் 1.15 யூனிட் மின்சாரம் செலவாகும்.

இனி, நீட்டிப்புப் பலகைக்கு வருவோம். நம் வீடுகளிலுள்ள மூன்று முனை பிளக் தாங்கும் அளவு 13 ஆம்பியர். அதாவது 2,990 வாட். அதே இஸ்திரிப் பெட்டியுடன் 2,000 வாட் கேத்தலையும் 700 வாட் குக்கரையும் ஒருசேர இயக்கினால் மொத்தம் 3,850 வாட். இதனை 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.7 ஆம்பியர். பிளக்கினுள் இருக்கும் பியூஸ் உடனே உருகி நம்மைக் காக்கும் என்று எண்ணுதல் தவறு. அளவைச் சற்றே மீறிய ஓட்டத்தை அது நெடுநேரம் தாங்கி நிற்கும். அதற்குள் கம்பியும் பிளக்கும் சூடேறிவிடும்.

தளர்ந்த இணைப்பு மேலும் கொடியது. அவ்விடத்தில் தடை அரை ஓம் மட்டுமே என்று கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்பொழுது அங்கு 5 வோல்ட் வீணாகும்; ஐந்தைப் பத்தால் பெருக்க, 50 வாட் வெப்பம் ஒரு சிறு புள்ளியில் குவியும். பிளக் கருகுவதும் தீப்பற்றுவதும் இதனாலேயே.

ஆகவே, ஒவ்வொரு மின்பொருளிலும் பொறிக்கப்பட்டுள்ள வாட் அளவைப் பார்த்து, கூட்டிய பின்னரே ஒன்றாக இயக்குவோம். கேத்தல், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைச் சுவரிலுள்ள பிளக்கிலேயே தனித்தனியே மாட்டுவோம். சூடாகும் பிளக்கையும் கருகிய கம்பியையும் உடனே விலக்கி, பழுதுபார்க்கும் பணியைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைப்போம். பள்ளி செல்லும் நம் பிள்ளைகளும் இக்கணக்கை எளிதில் போட வல்லவர்கள். அவர்களையும் அருகில் அமர்த்தி, இன்றே நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போமாக.