அலைக்குத் துணையான கற்றை

தொலைவிலிருந்து வரும் மின்காந்த அலை வலிமை குன்றியே வந்து சேரும். அதனைப் பயன்கொள்ள வேண்டுமாயின், முதலில் அதன் வலிமையைப் பெருக்குதல் வேண்டும். பழைய வானொலிப் பெட்டிகளில் இப்பணியை வால்வு என்னும் வெற்றிடக் குழல்கள் செய்தன. ஆயின், நுண்ணலைகளுக்கு அவை ஏற்றவையாக இல்லை. நுண்ணலை நொடிக்குப் பல நூறு கோடி முறை அதிர்வது. எலெக்ட்ரான் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைவதற்குள் அலையின் ஏற்றம் இறக்கமாக மாறிவிடும். எலெக்ட்ரான் செல்லும் அச்சிறு நேரமே பெருந்தடையாயிற்று.

இத்தடையைத் துணையாக மாற்றியோருள் ஒருவர் ருடால்ப் காம்ப்னர். வியன்னாவிற் பிறந்த அவர் கட்டடக்கலை பயின்று இங்கிலாந்தில் குடியேறியவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், பகைநாட்டவர் எனக் கருதப்பட்டுச் சில மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் அவரே பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரேடார் ஆய்வுக்கு அமர்த்தப்பட்டார். அங்கு 1943-இல் அவர் அமைத்ததே இயங்கலைக் குழல்.

அலையும் எலெக்ட்ரான் கற்றையும் நெடுந்தூரம் உடன்செல்ல வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆனால், அலையோ நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்வது. 2,500 வோல்ட் அழுத்தத்தால் உந்தப்பட்ட எலெக்ட்ரானோ ஏறத்தாழ 30,000 கிலோமீட்டரே செல்வது. இவ்விரண்டும் இணைந்து செல்வது எங்ஙனம்? மலைப்பாதையில் வளைந்து வளைந்து செல்லும் வண்டி, விரைந்து ஓடினும் மெல்லவே மேலேறும். அதுபோல, அலையைச் சுருள்கம்பி வழியே செலுத்தினார். ஒரு சென்டிமீட்டர் முன்னேறப் பத்து சென்டிமீட்டர் கம்பியைக் கடக்குமாறு சுருளை அமைப்பின், அலையின் முன்னேற்றம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

சுருளின் நடுவே கற்றை பாய்கிறது. அலையின் மின்புலம் சில எலெக்ட்ரான்களை விரைவிக்கும், சிலவற்றைத் தடுக்கும். அதனால் அவை கூட்டங்கூட்டமாகத் திரளும். கற்றை அலையைவிடச் சற்றே விரைந்து செல்லுமாறு அமைப்பதால், அத்திரள்கள் அலையின் தடுக்கும் பகுதியை எய்தித் தம் ஆற்றலை அதற்கு ஈந்துவிடும். வலுப்பெற்ற அலை மேலும் திரட்டும், மேலும் வலுப்பெறும்.

இக்குழலை அமைப்போர் மூன்றில் கருத்தூன்றுவர். மின்னழுத்தமும் சுருளின் இடைவெளியும் பொருந்துதல் வேண்டும். கற்றை சிதறாவண்ணம் காந்தத்தால் குவித்தல் வேண்டும். மறுமுனையில் பட்டுத் திரும்பும் அலை குழலைத் தானே அதிரச் செய்யுமாதலின், அதனை இடையில் உறிஞ்சும் பொருளையும் வைத்தல் வேண்டும்.

1962-இல் அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளையும் தொலைக்காட்சியால் இணைத்த டெல்ஸ்டார் செயற்கைக்கோளில் இக்குழல் இருந்தது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலமும் இதனை ஏந்திச் சென்றது. அக்கலம் 2012-இல் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை எய்தியது. அங்கிருந்தும் செய்தி வந்தது. தடையென்று தள்ளப்பட்ட காலத்தாழ்வே, தக்க அமைப்பினால் ஆற்றலின் வாயிலாயிற்று.