‘பீப்’ ஒலிக்கு என்ன பொருள்?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தீபாவளி நெருக்கத்தில் மளிகைக் கடைகளில் கூட்டம் நெரியும். கல்லாவில் இருப்பவர் பொருளை ஸ்கேனரிடம் காட்டுவார். ‘பீப்’ என்று ஒலிக்கும். பொருள் பைக்குள் போய்விடும். கோடுகளைப் படித்தாயிற்று என்பதே அந்த ஒலியின் பொருள். கணினி அதைக் கணக்கில் சேர்த்தது என்பதற்கு அது சான்றாகாது.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கடையொன்றில் சூயிங்கம் பொட்டலம் ஒன்று முதன்முதலாக இவ்வாறு விற்பனையாயிற்று. கோடுகளை எண்ணாக மாற்றுவதே அன்றும் இன்றும் ஸ்கேனரின் வேலை. பெரும்பாலான ஸ்கேனர்கள் அந்த எண்ணை ஒரு விசைப்பலகையைப் போலவே அனுப்புகின்றன. மலேசியாவில் பதிவான எண்கள் 955 என்று தொடங்கும். அதன் 13 இலக்கங்களையும் மளமளவென்று தட்டி, இறுதியில் ‘எண்டர்’ விசையையும் அழுத்திவிடும்.

ஆனால் ஸ்கேனர் திரையைப் பார்ப்பதில்லை. திரையில் மினுக்கும் கோடு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ, அங்கேதான் எண் விழும். அது ‘எத்தனை’ என்ற கட்டமானால், ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் பல கோடிப் பொட்டலங்களாகிவிடும்! அதையாவது கண் கண்டுகொள்ளும். ‘இந்த வரியை நீக்கலாமா?’ என்று கணினி கேட்டு நிற்கையில் எண்டர் வந்து விழுந்தால், அதுவே ‘ஆம்’ என்ற பதிலாகிவிடக்கூடும். பொருள் வெளியே போகும், பணம் வராது.

இதற்கு வழி உண்டு. எண்ணுக்கு முன்னால் ஓர் அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்புமாறு பல ஸ்கேனர்களை அமைத்துக்கொள்ளலாம். அக்குறி வந்ததும், மினுக்கும் கோடு எங்கு நின்றாலும், எண்டர் வரையில் வருவதை நிரல் தனியே திரட்டிப் பொருள் கட்டத்தில் சேர்க்க வேண்டும்.

சேர்க்குமுன் எண்ணைச் சோதிப்பதும் அவசியம். உதாரணமாக, 955123456789 என்ற 12 இலக்கங்களில் 1, 3, 5 என ஒற்றை இடங்களில் உள்ளவற்றை அப்படியே எடுத்து, 2, 4, 6 என இரட்டை இடங்களில் உள்ளவற்றை மும்மடங்காக்கிக் கூட்டினால் 124 வரும். 130 ஆக 6 தேவை. அந்த 6தான் 13ஆம் இலக்கம். ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு ஒத்துவராது. ஒத்துவந்தால் மட்டும் கணினி தன் ஒலியை எழுப்பட்டும்.

விற்பனை நிரல் வாங்கும் கடைக்காரர்கள், ‘எத்தனை’ என்ற கட்டத்தில் கோட்டை நிறுத்திவிட்டு ஒரு பொருளைக் காட்டிப் பாருங்கள். அந்தக் கட்டம் மாறாமல், பொருள் தன் இடத்தில் பதிந்தால் வாங்கலாம்.