சாஸ் பாட்டிலின் பின்பக்கம்

தக்காளி சாஸ், தக்காளி கெட்சப் என்று கடையில் விற்பது, தக்காளி விழுதோடு தண்ணீர், சர்க்கரை, உப்பு, வினிகர், வெங்காயம், பூண்டு, மசாலாப் பொடிகள் சேர்த்துக் காய்ச்சியது. இவற்றுக்கு மேல் சேர்ப்பவை லேபிளில் ‘ஐஎன்எஸ்’ என்ற எழுத்துகளோடு எண்களாக வரும். வாங்குகிறவர்கள் மிரள்வது இந்த எண்களைக் கண்டுதான். ஆனால் பாட்டிலை எடைபோட அவற்றைவிட அதிகம் உதவுவது, அவற்றுக்கு முன்னால் இருக்கும் சாதாரணப் பெயர்கள்.

உட்பொருள் பட்டியல் எடை வரிசைப்படி எழுதப்படுகிறது. எது அதிகமோ அது முதலில். இந்தியச் சந்தையில் தண்ணீர், சர்க்கரை, தக்காளி விழுது என்று தொடங்கும் பட்டியல்கள் சகஜம். தண்ணீர் முதலில் நிற்பது மோசடி ஆகாது. ஆலைகள் பெரும்பாலும் நீர் வற்றக் காய்ச்சிய விழுதை வாங்கி, அதைத் தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்கின்றன. பழத்தில் திடப்பொருள் சுமார் 5 சதவீதம்தான், விழுதில் 28 சதவீதம் வரை இருக்கும் என்பதால், ஒரு கிலோ விழுதுக்கு ஐந்தாறு கிலோ பழம் போகிறது. பார்க்க வேண்டியது இரண்டாம் இடத்தை. அங்கே விழுது இருந்தால் நல்லது. சர்க்கரை இருந்தால், அந்த பாட்டிலில் விழுதைவிடச் சர்க்கரைதான் அதிகம். சட்டமும் இதைத் தடுப்பதில்லை. கெட்சப்பில் உப்பு நீங்கலாகக் கரைந்த திடப்பொருள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இனி எண்கள். 260 என்பது அசிட்டிக் அமிலம். வினிகரின் புளிப்பே அதுதான். 1422 பக்குவம் மாற்றிய மாவுப்பொருள், 415 சாந்தன் கோந்து. இரண்டும் சாஸைக் கெட்டியாக்க வருபவை. சாந்தன் கோந்தைத் தருவது முட்டைக்கோஸில் கருப்பழுகல் நோய் உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், சுத்திகரித்த கோந்தால் தீங்கில்லை. கெட்டிப்படுத்திகள் உடம்பைக் கெடுப்பதில்லை, தக்காளி குறைந்திருப்பதை மறைக்கத்தான் அதிகம் உதவுகின்றன.

சர்ச்சைக்கு உள்ளாவது 211, அதாவது சோடியம் பென்சோயேட். புளிப்பான பொருளில் இது பூஞ்சையையும் ஈஸ்டையும் வளரவிடாது. இதைப் பற்றிய வழக்கு நூறு ஆண்டுக்கு மேல் பழையது. அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலர் ஹார்வி வைலி, 1902 முதல் இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, உணவில் இத்தகைய பொருள்களைக் கலந்து கொடுத்துச் சோதித்தார். பென்சோயேட்டைத் தடை செய்ய வேண்டும் என்று வாதாடினார். வேதியியலர் ஐரா ரெம்சன் தலைமையிலான குழு, சிறிய அளவில் தீங்கில்லை என்று 1909இல் முடிவு சொன்னது. இதற்கிடையே ஹைன்ஸ் நிறுவனம் பென்சோயேட் இல்லாமலே கெட்சப் செய்து காட்டிவிட்டது. வழி எளிது: நன்றாகப் பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை. ‘பிரிசர்வேட்டிவ் சேர்க்கப்படவில்லை’ என்று முகப்பில் அச்சிட்ட பாட்டில்களை இந்தக் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 211 போன இடத்தை நிரப்புவது பல நேரங்களில் சர்க்கரையும் புளிப்பும்தான்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். சாஸ் வகைகளில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் வரை பென்சோயேட் இருக்கலாம் என்கிறது சர்வதேசத் தர அமைப்பான கோடெக்ஸ். அதாவது கிராமுக்கு 1 மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்று இருந்த பாதுகாப்பு வரம்பை உலக நிபுணர் குழு 2021இல் 20 ஆக உயர்த்தியது. 20 கிலோ எடையுள்ள குழந்தை பழைய, கடுமையான வரம்பைத் தொடவே நாளுக்கு 100 கிராம் சாஸ் சாப்பிட வேண்டும். அந்த 100 கிராமில் சுமார் 25 கிராம் சர்க்கரையும் 1000 மில்லிகிராம் சோடியமும் இருக்கும். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு: இரண்டரை கிராம். பெரியவருக்கே நாளுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பென்சோயேட் எல்லைக்கு வருமுன்பே சர்க்கரையும் உப்பும் வந்துவிடுகின்றன.

சாயம் வேறு விஷயம். பச்சை மிளகாய் சாஸ்களில் 102 என்ற மஞ்சள் சாயமும் 133 என்ற நீலச் சாயமும் சேர்த்துப் பச்சை நிறம் வரவழைப்பதுண்டு. செயற்கைச் சாயக் கலவைகளோடு பென்சோயேட்டும் கொடுத்த ஓர் ஆய்வில் குழந்தைகளின் துறுதுறுப்பு கூடியதாக 2007இல் பிரிட்டனில் வெளியானது. எதனால் கூடியது என்று அதில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் 102 உள்ளிட்ட ஆறு சாயங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. சுவைக்கோ பாதுகாப்புக்கோ சாயம் உதவுவதில்லை. ஆகவே குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதில் இழப்பு ஏதுமில்லை.

ஊட்டச்சத்து அட்டவணையில் ஒரு பரிமாறல் 15 கிராம் அளவில், அதாவது ஒரு மேசைக்கரண்டி என்று போட்டிருப்பார்கள். சிப்ஸ் தட்டோடு யாரும் அந்த அளவில் நிறுத்துவதில்லை. ஆகவே இரண்டு பாட்டில்களை ஒப்பிட 100 கிராமுக்கான வரிசையில் ‘சேர்த்த சர்க்கரை’, ‘சோடியம்’ இரண்டையும் பார்த்தால் போதும். 211 இல்லாத பாட்டிலை வாங்கினால், திறந்த பிறகு அதை ஃபிரிட்ஜில் வைத்து, லேபிளில் சொன்ன நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.