செத்த கருவிக்கு உயிர் கொடுத்த ‘மந்திர பாட்டரி’
சோனியின் கை விளையாட்டுப் பெட்டியில் நடந்த பூட்டு&சாவிப் போராட்டம்

பாட்டரியின் வேலை என்ன? மின்சாரம் கொடுப்பது. டார்ச் லைட்டில் போட்டாலும், ரேடியோவில் போட்டாலும் அதற்கு வேறு வேலை கிடையாது.

ஆனால் ஒரு பாட்டரி, தான் பொருத்தப்பட்ட கருவிக்குக் கட்டளையும் இட்டது. “நீ உன் கம்பெனி சொல்வதைக் கேட்காதே, நான் சொல்வதைக் கேள்” என்றது. கருவியும் கேட்டது!

மாயாஜாலம் அல்ல. 2007&ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உண்மையாகவே நடந்தது. அந்தப் பாட்டரிக்கு ‘பண்டோரா பாட்டரி’ என்று பெயர்.

உள்ளங்கையில் ஒரு தியேட்டர்

ஜப்பான் நாட்டு சோனி கம்பெனி, 2004&ம் ஆண்டு டிசம்பர் 12&ந் தேதி ஒரு கை விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’. சுருக்கமாக பி.எஸ்.பி.

2005 மார்ச்சில் அமெரிக்காவுக்கும், செப்டம்பரில் ஐரோப்பாவுக்கும் போயிற்று. 4.3 அங்குலத் திரை. விளையாடலாம், பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். உலகம் முழுவதும் சுமார் 8 கோடி பெட்டிகள் விற்றன.

உள்ளே ஒரு சிறிய கம்ப்யூட்டரே இருந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சோனி முத்திரை குத்திய புரோகிராம் மட்டுமே அதில் ஓடும். காசு கொடுத்து வாங்கியவரே சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிப் போட்டால், பெட்டி “மாட்டேன்” என்று சொல்லிவிடும்.

கம்பெனி சொன்ன காரணம், திருட்டு விளையாட்டுகளைத் தடுக்க வேண்டும் என்பது. அதில் நியாயம் உண்டு. ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்திவிட்டது.

வீட்டுச் சமையல்

உலகின் பல மூலைகளிலும் இருந்த இளைஞர்கள் அந்தப் பூட்டைத் திறக்க இறங்கினார்கள். பெரும்பாலோர் சொந்தப் பெயரை வெளியிடவில்லை. புனைபெயர்களில்தான் இயங்கினார்கள்.

அவர்கள் எழுதிய புரோகிராம்களுக்கு ‘ஹோம்புரூ’ என்று பெயர். ஓட்டலில் வாங்காமல் வீட்டிலேயே ஆக்கிய சாப்பாடு போல என்று வைத்துக் கொள்ளலாம். புத்தகம் படிக்க ஒரு புரோகிராம், பழைய விளையாட்டுப் பெட்டிகளின் விளையாட்டை ஓட்ட ஒரு புரோகிராம், புதிதாக நிரல் எழுதிப் பழக ‘லுவா பிளேயர்’ என்று ஒரு புரோகிராம். இப்படிப் பல வந்தன. பெரும்பாலானவை இலவசம்.

அவர்கள் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பார்கள். கம்பெனி புது மென்பொருள் வெளியிட்டு அதை அடைக்கும். மறுபடி ஓட்டை, மறுபடி அடைப்பு.

முதலில் இரண்டு மெமரி கார்டுகளை மாற்றி மாற்றிச் செருகி ஏமாற்றினார்கள். அது அடைபட்டதும், 2005 செப்டம்பரில் ஒரு படக் கோப்பைத் திறக்கும்போது உண்டாகும் குழப்பத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு விளையாட்டைச் சேமித்து வைக்கும் கோப்பில் வழி கண்டார்கள். 2007 ஜூனில் ‘லுமினஸ்’ என்ற விளையாட்டின் வழியாக நுழைந்தார்கள். அந்த விளையாட்டுத் தட்டுக்குக் கடைகளில் திடீர்க் கிராக்கி ஏற்பட்டது.

செங்கல்லாகிப் போனது

இந்தப் போராட்டத்தில் அடிபட்டவை பெட்டிகள்தான்.

புது மென்பொருள் ஏறிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், பெட்டி அரைகுறையாக நின்றுவிடும். தொடங்கும் புரோகிராமே கெட்டுப் போனால், பெட்டியால் எழுந்திருக்க முடியாது. விளக்கு எரியும், திரை இருட்டாகவே இருக்கும். இதைத்தான் ‘பிரிக்’, அதாவது செங்கல் என்றார்கள்.

2005 அக்டோபரில் ஒரு மோசடிப் புரோகிராமும் பரவியது. பழைய மென்பொருளுக்குத் திரும்பலாம் என்று ஆசை காட்டி, பெட்டியின் முக்கியக் கோப்புகளை அழித்தது. நம்பிப் போட்டவர்கள் கையில் செங்கல்தான் மிஞ்சியது.

செங்கல்லானால் கம்பெனியின் சர்வீஸ் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பூட்டைத் திறக்க முயன்றவர்கள் அங்கே போகத் தயங்கினார்கள். பெட்டியை அலமாரியில் போட்டு வைத்தவர்கள் ஏராளம்.

ரகசியம் பாட்டரியில்

கம்பெனியின் சர்வீஸ் ஆட்கள் செத்த பெட்டியை எப்படிப் பிழைக்க வைக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம். ரகசியம் பெட்டியில் இல்லை. பாட்டரியில் இருந்தது!

பி.எஸ்.பி. பாட்டரியில் மூன்று தொடர்பு முனைகள் உண்டு. இரண்டு, மின்சாரத்துக்கு. மூன்றாவது, பேச்சு வார்த்தைக்கு. பாட்டரிக்குள் ஒரு சிறிய சர்க்யூட்டும், அதில் எட்டுக் கால் ‘சிப்’ ஒன்றும் உள்ளன. அந்தச் சிப்பில் பாட்டரியின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கும். பெட்டி விழிக்கும்போது முதலில் அந்த எண்ணைக் கேட்டுப் பார்க்கும்.

சாதாரண எண்ணாக இருந்தால், வழக்கம் போல் தன் சொந்த நினைவகத்தில் இருந்து தொடங்கும். எட்டு இடங்களிலும் ‘எப்’ என்ற எழுத்தே வந்தால், “வந்திருப்பது சர்வீஸ் ஆள்” என்று எடுத்துக் கொள்ளும். உடனே சொந்த நினைவகத்தை விட்டுவிட்டு, மெமரி கார்டில் உள்ள புரோகிராமைப் படித்துத் தொடங்கும். கம்பெனிக்குள் இப்படிப்பட்ட பாட்டரிக்கு ‘ஜிக்கிக்’ என்று பெயர்.

கம்ப்யூட்டர் கணக்கில் 9&க்குப் பிறகு ஏ, பி, சி என்று போய் ‘எப்’பில் முடியும். எட்டு ‘எப்’ என்பது, மீட்டரில் எல்லா இடத்திலும் 9 வந்து நிற்பது போல.

ரெயில்வே ஊழியர்களுக்கு இது எளிதில் புரியும். ஒற்றைப் பாதையில் டிரைவர் கையில் டோக்கன் இருந்தால் வண்டி புறப்படும். டோக்கனைக் கொண்டு வந்து கொடுத்தவர் யார் என்று தண்டவாளம் கேட்பதில்லை. இங்கே எட்டு ‘எப்’தான் டோக்கன்.

ஒரு காலை எடுத்தால் போதும்

இந்த டோக்கனைத் தயாரிக்க இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, ஏற்கனவே பூட்டுத் திறந்த ஒரு பெட்டியில் பாட்டரியைப் போட்டு, புரோகிராம் மூலமே வரிசை எண்ணை மாற்றி எழுதுவது. வேண்டாம் என்றால் பழைய எண்ணையே திரும்ப எழுதலாம்.

மற்றொன்று, பாட்டரியின் மேல் ஓட்டைப் பிளந்து, எட்டுக் கால் சிப்பின் ஐந்தாவது காலை மட்டும் சர்க்யூட்டில் இருந்து பிரிப்பது. தகவல் போவது அந்தக் கால் வழியாகத்தான். அது பிரிந்ததும் சிப் ஊமையாகிவிடும். பதில் வராத கம்பியில் எல்லா இடத்திலும் ‘1’ இருப்பதாகவே தெரியும். எல்லாம் ‘1’ என்றால் அதுவே எட்டு ‘எப்’!

ஊமையானவர் சொன்ன பதில்தான் சாவியாயிற்று.

பாட்டரி மட்டும் போதாது. மெமரி கார்டிலும் தொடங்கும் புரோகிராமை உரிய இடத்தில் எழுத வேண்டும். அந்தப் புரோகிராமைச் சோதிக்கும் இன்னொரு பூட்டும் பெட்டிக்குள் இருந்தது. அதையும் திறக்க வழி கண்டு, இரண்டையும் சேர்த்து 2007 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார்கள். செங்கல்லாகி அலமாரியில் கிடந்த பெட்டிகள் எழுந்து உட்கார்ந்தன.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மந்திர பாட்டரியும் கார்டும் தயாரிக்க, பூட்டுத் திறந்த பெட்டி ஒன்று தேவை. அது இல்லாதவர் இருப்பவரைத் தேடிப் போனார். உயிர் பிழைத்த ஒரு பெட்டி இன்னும் பத்துப் பெட்டிக்கு உயிர் கொடுத்தது.

கிரேக்கக் கதையில் பண்டோரா என்ற பெண் ஒரு பெட்டியைத் திறக்கிறாள். உலகத்துத் துன்பங்கள் எல்லாம் வெளியே பறந்துவிடுகின்றன. அடியில் நம்பிக்கை மட்டும் தங்குகிறது. பெயர் வைத்தவர்கள் அதை நினைத்தே வைத்திருக்க வேண்டும்.

துன்பமும் வெளியே வந்தது. திறந்த பெட்டியில் வீட்டுச் சமையல் மட்டும் வேகவில்லை. காசு கொடுக்காமல் நகல் எடுத்த விளையாட்டுகளும் ஓடின. இரவு பகலாக உழைத்து விளையாட்டுகளை உருவாக்கியவர்களுக்கு இது நஷ்டம். பாட்டரி சாவி மட்டுமே. அது நல்லவர் கையையும் திருடர் கையையும் பிரித்துப் பார்க்காது.

கம்பெனியின் பதில்

சோனி சும்மா இருக்கவில்லை. 2008&ம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த புதிய சர்க்யூட் பலகைகளில் இந்தத் தந்திரம் பலிக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த ‘3000’ மாடலும் அப்படியே. 2009&ல் வந்த ‘கோ’ மாடலில், வாங்கியவர் பாட்டரியைக் கழற்றவே முடியாதபடி உள்ளே வைத்து மூடினார்கள்.

ஆனால் கதை முடியவில்லை. மென்பொருள் வழியாகவே திறக்கும் வழிகள் வந்தன. 2015&ல் வெளியான கடைசி மென்பொருளான 6.61&ம் தப்பவில்லை. பிற்காலத்தில், பெட்டியின் மின்சாரத்தைக் கவனிக்கும் சிப்பில் இருந்தே ரகசிய எண்களை எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரே பாட்டரி போல நடித்துப் பதில் சொல்ல, 3000 மாடலும் சர்வீஸ் நிலைக்கு வந்தது.

2014&ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் பெட்டிகள் இன்னும் பழைய சாமான் கடைகளில் கைமாறிக் கொண்டிருக்கின்றன.

வாங்குபவர்கள் கவனத்துக்கு

பிள்ளைகளுக்காகப் பழைய பி.எஸ்.பி. வாங்க நினைப்பவர்கள் முதலில் பாட்டரி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பாட்டரி உப்பி இருந்தால் தொடவே கூடாது. இது லித்தியம் அயன் பாட்டரி. வயதானால் உள்ளே வாயு சேர்ந்து வீங்கும். அதைச் சார்ஜ் போடுவதும், அமுக்குவதும், ஊசியால் குத்துவதும் நெருப்போடு விளையாடுவதற்குச் சமம்.

மேல் ஓட்டைப் பிளக்கும் வேலையும் இப்போது தேவை இல்லை. அன்று புதிதாக இருந்த பாட்டரிக்கே கத்தி நழுவினால் ஆபத்து. மென்பொருள் வழி இருக்கும்போது, பதினைந்து ஆண்டுக்கு மேலான பாட்டரியில் கத்தி வைப்பது வீண் வேலை.

“ரெடிமேட் பண்டோரா” என்று யாராவது விற்றால், முதல் மாடல்களில் அதைப் போட்டு அன்றாடம் விளையாட முடியாது. போடும்போதெல்லாம் பெட்டி சர்வீஸ் நிலைக்கே போகும். சாதாரண பாட்டரி தனியாக வேண்டும். முதல் மாடலின் அசல் பாட்டரி 1,800 மில்லி ஆம்பியர் அவர் சக்தி கொண்டது. அதே அளவு பாட்டரியில் இரண்டு மடங்கு எண்ணை அச்சிட்டு விற்றால், நம்பிப் பணத்தை விடக் கூடாது.

வீங்கிய பாட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. இந்தியாவில் 2022&ம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளின்படி, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு விற்பனைக்குக் கொண்டு வரும் கம்பெனிகளைச் சேர்ந்தது. மின் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

சட்டத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும். 2012&ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பிறர் உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியம். சொந்தப் புரோகிராம் எழுதிப் பார்ப்பது வேறு. நகல் விளையாட்டு ஏற்றி விற்பது வேறு.

பொருள் யாருடையது?

இந்தக் கதையில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. கடையில் பணம் கொடுத்து, பில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டு வந்த பொருள் யாருடையது?

சைக்கிள் வாங்கினால் செயினை நாமே மாட்டுகிறோம். தையல் மிஷின் வாங்கினால் எண்ணெயை நாமே விடுகிறோம். கம்பெனி வந்து கையைப் பிடிப்பதில்லை. அதே உரிமை, உள்ளே சிப் வைத்த பொருளுக்கு மட்டும் ஏன் இல்லை?

இதே கேள்வியை இன்று அரசாங்கங்களும் கேட்கத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2023&ல் ஒரு பாட்டரிச் சட்டம் கொண்டு வந்தது. கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பாட்டரியை வாங்கியவரே எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பது அதன் ஒரு விதி. 2027 பிப்ரவரி 18&ந் தேதி அந்த விதி அமலுக்கு வருவதாக அச்சட்டம் தேதி குறித்தது. சில வகைக் கருவிகளுக்கு விலக்கு உண்டு.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பொருள் வாங்குகிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பணக்காரர் கெட்டதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குவார். மற்றவர்கள் ரிப்பேர் செய்துதான் காலம் தள்ள வேண்டும். ரிப்பேர் செய்ய வழி இருக்கிற பொருள்தான் அவர்களுக்குப் பொருள்.